சமையல் குறிப்பு யாருக்குச் சொந்தம்? நான் சூடுபட்ட இடங்கள்

போன வாரம் பினாங்கில் என் சமையல் வகுப்புக்கு வரும் தங்கை ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். “அக்கா, என் மீன்தலைக் கறிக் குறிப்பை இன்னொருத்தி தன் பெயரில் போட்டுவிட்டாள். வழக்குப் போடலாமா?” இதே கேள்வியோடு வக்கீல் வாசலில் நின்றவள்தான் நானும்.

அளவும் செய்முறையும் என்னுடையது என்று நினைப்பது

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் செய்முறையைக் காப்பதில்லை. ‘கறித்தூள் 4 மேசைக்கரண்டி, புளி எலுமிச்சை அளவு’ என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் வெந்தயம் கருகுவதை வாசலிலிருந்தே மோப்பம் பிடித்துப் பாட்டி கத்தியதை நான் எழுதினால், அந்த வரிகள் என்னுடையவை. நான் எடுத்த படமும் அப்படித்தான். அந்த இன்னொருத்தி சொந்த வார்த்தையில் எழுதி, சொந்தப் படம் போட்டிருந்தாள். விட்டுவிடு என்றேன்.

காசு வாங்கிக்கொண்டு, தாளில் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஒரு மசாலா நிறுவனம் தீபாவளிக் கையேட்டுக்கு 12 குறிப்புகள் கேட்டது. 600 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தது. வாட்சாப்பில் ‘சரி’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் ஒப்பந்தம். இரண்டு வருடம் கழித்து அவற்றை என் புத்தகத்தில் சேர்த்தேன். வக்கீல் கடிதம் வந்தது. எழுதியவள் நான், பாட்டி என் பாட்டி, அவர்களுக்கு எப்படிச் சொந்தமாகும் என்று குதித்தேன். என் வக்கீல் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவைக் காட்டினார். ஒருவர் கேட்டு எழுதிக் கொடுத்தால், வேறு மாதிரிப் பேசி வைக்காதவரை, பதிப்புரிமை கேட்டவருக்குப் போனதாகவே கொள்ளப்படும். சம்பள வேலையில் எழுதுவது முதலாளிக்கு. அப்புறம் என்ன, அச்சான 300 புத்தகங்களிலும் அந்தப் பக்கங்களைப் பிளேடால் நானே அறுத்தெடுத்தேன். ‘உரிமை எழுதியவருக்கே, இந்தக் கையேட்டில் போட மட்டும் அனுமதி’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் முடிந்திருக்கும்.

கறித்தூள் ரகசியத்தை மில்லில் ஒப்பிப்பது

எல்லா அளவையும் ஒரே ஆளிடம் சொல்லாதீர்கள். ஊருக்கே தெரிந்தபின் அது ரகசியமில்லை.

விற்கும் பொருளின் பெயரைப் பதியாமல் விடுவது

வர்த்தக முத்திரையாகப் பதியலாம். 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பதியாவிட்டால் பதிப்புரிமை இல்லை என்று பயப்படுவது

எழுதியதுமே உண்டு.

தங்கை இப்போது ஓர் உணவகத்துக்குக் குறிப்பு எழுதித் தருகிறாளாம். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “வாட்சாப்பில் பேசிக்கொண்டோம் அக்கா” என்கிறாள்.