கட்டட முகப்புக்கான ஒளிக்கலையை நிரலால் உருவாக்கும் முறை

வானளாவிய கட்டடத்தின் முகப்பில் எல்இடி விளக்குகள் இடைவெளிவிட்டுப் பதிக்கப்படுவதால், நிரல் எழுதத் தொடங்கும் முன்பே, ஒவ்வொரு விளக்கின் இடத்தையும் சன்னல்களால் ஏற்படும் வெற்றிடங்களையும் காட்டும் பிக்சல் வரைபடத்தைக் கேட்டுப் பெறுங்கள். விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் முறையில் ஒரு தொகுதிக்கு 512 தடங்களே உண்டு. மூவண்ண விளக்கு ஒவ்வொன்றும் 3 தடங்களை எடுத்துக்கொள்வதால் 170 விளக்குகளே அதில் அடங்கும்.

நுண்கோடுகள் தொலைவில் கரைந்துவிடும். அகன்று, மெதுவாக நகரும் வடிவங்களே கண்ணில் நிற்கும். அவற்றுக்கு, கணினி வரைகலை அறிஞர் கென் பெர்லின் 1983-இல் உருவாக்கிய இரைச்சல் சார்பைவிட (சீரற்றவைபோல் தோன்றும் எண்களைத் தரும் சார்பு) நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. அதன் அடுத்தடுத்த மதிப்புகள் இழைந்து மாறுவதால் ஒளி துள்ளாமல் ஓடும். அதன் வேகத்தைக் காற்றின் வேக அளவீட்டோடு இணைத்தால், ஒவ்வோர் இரவும் முகப்பு வேறுபட்டுத் தோன்றும்.

காமா திருத்தத்தை, அதாவது ஒளி அளவுகளைக் கண் உணரும் விதத்துக்கு ஏற்பச் சரிசெய்வதை, இருட்டிய பிறகு, பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்தே சரிபாருங்கள். ஒளி வேகமாக மின்னி மறைவது வலிப்பு நோயாளிகள் சிலருக்கு ஆபத்தானது என்பதால், நொடிக்கு 3 முறைக்கு மேல் ஒளி மின்னாதபடி நிரலிலேயே வரம்பு வையுங்கள்.