ராமநாதபுரம் கரையில் டென்ட் போட: அரசு இடமா, தனியார் தோப்பா?

மதுரையிலிருந்து, திருச்சியிலிருந்து, சில நேரம் பெங்களூரிலிருந்தும் போன் வரும். "டென்ட் வாங்கியாச்சு, கடற்கரையில் எங்கே போடலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் படுக்கப் போகிற மண் யாருடையது, ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அரசு இடமா தனியார் இடமா என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே அரசுப் பூங்காக்களில் டென்ட் போட நம்பர் போட்ட இடம், நெருப்பு மூட்ட இரும்பு வளையம், பக்கத்திலேயே குழாய், ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி எல்லாம் இருக்கும், நல்ல இடம் என்றால் மாசக்கணக்கில் முன்னாடியே பதிவு செய்ய வேண்டும். தனியார் இடம் என்றால் காசு கூடக் கொடுத்து, கரண்ட், வெந்நீர், கடை, நீச்சல் குளம் என்று வசதி பார்த்துப் போவார்கள். அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தொண்டிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் தேடினால் ஏமாற்றம்தான். நம் கரையில் அரசு உங்களுக்குத் தருவது பெரும்பாலும் பகல். ராத்திரிக்கு நீங்கள் தனியாரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

அந்தப் பகலைக் குறைத்துச் சொல்லவில்லை. தேவிபட்டினம் தாண்டி தொண்டிப் பக்கம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா அங்கே இருக்கிறது. படகில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள், துடுப்புப் போடத் தெரிந்தால் கயாக்கும் எடுக்கலாம். படகு ஓட்டுகிறவர் அந்த ஊர் மீனவர், எந்த மரத்தில் எந்தக் கொக்கு உட்காரும் என்று அவருக்குத் தெரியும், நீங்கள் கேட்காமலே சொல்வார். ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மீன் சோறு வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், போய் இறங்கிக் கேட்டால் கிடைக்காது. ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையிலும் இதே மாதிரி வனத்துறைப் படகு உண்டு. பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும் கூட்டிப்போகிறார்கள், அதுவும் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பிவிட வேண்டியதுதான். காற்று அடித்தால் இந்தப் படகுகள் நின்றுவிடும். அதனால் கிளம்பும் அன்று காலையில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

வனத்துறை இடத்தில் ராத்திரி தங்க முடியுமா என்று கேட்பவர்கள் சம்பந்தப்பட்ட வனச்சரக அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். "போன வருஷம் எங்க மாமா பையன் தங்கினான்" என்ற பேச்சை நம்பி மூட்டை கட்ட வேண்டாம்.

எங்கே கூடவே கூடாது என்பதில் குழப்பமே இல்லை. மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. "தெரிஞ்ச வல்லம் இருக்கு, தீவுல இறக்கி விடுறேன், காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். மாட்டினால் வனஉயிரினச் சட்டத்தில் வழக்கு, உங்களோடு அந்த வல்லக்காரர் பிழைப்பும் போகும். தனுஷ்கோடியும் அப்படித்தான். 1964 புயலில் அழிந்த ஊரின் இடிபாட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் பொழுது சாய்ந்தால் போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். போதாததற்கு 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகவும் அறிவித்துவிட்டார்கள்.

அப்படியானால் பெயர் தெரியாத ஏதோ ஒரு புறம்போக்குக் கடற்கரை? அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கல்லூரி முடித்த புதிதில் நாங்கள் நாலு பேர் வாலிநோக்கம் தாண்டி ஆளில்லாத ஒரு மணலில் டென்ட் போட்டோம். ராத்திரி ஒரு மணி இருக்கும், துணிக்கு வெளியே டார்ச் வெளிச்சம். "தம்பி, எந்த ஊரு? எந்திரிங்க, ஆதார் எடுங்க." ரோந்து வந்த கடலோரக் காவலர்கள் மேல் தப்பே இல்லை. அந்தப் பக்கம் இலங்கை, கடத்தல் நடக்கும் கரை, ராத்திரியில் வெளிச்சம் தெரிந்தால் வந்து பார்க்கத்தான் செய்வார்கள். நாங்கள் டென்ட்டைச் சுருட்டி முடிக்கும் வரை பொறுமையாக நின்றார்கள், அதில் ஒருவர் கம்பியை உருவவும் உதவினார். மிச்ச ராத்திரி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் கழிந்தது. கடலோரக் காவலுக்கு 1093 என்று ஒரு எண் இருக்கிறது, எங்கே தங்கினாலும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் நிலம் என்று தெரியாத இடத்தில் மட்டும் படுக்காதீர்கள்.

இனி தனியார் இடங்கள். இதில் மூன்று ரகம். ரிசார்ட் வைத்திருப்பவர்கள் புல்தரையில் நாலு டென்ட் அடித்து வைத்திருப்பது ஒன்று. பாம்பன், ராமேஸ்வரம், பிரப்பன்வலசைப் பக்கம் கயாக், காற்றாடிச் சறுக்கு (கைட் சர்ஃபிங்) சொல்லித் தருகிறவர்கள் தங்குவதற்கும் இடம் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, தென்னந்தோப்போ பனந்தோப்போ வைத்திருக்கும் ஒரு ஆள், இரண்டு கழிவறை கட்டி, கயிற்றுக் கட்டில் போட்டு, வீட்டிலிருந்து சாப்பாடு கொடுப்பது. எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு முதல் முறை வருகிறவர்களை நான் முதல் ரகத்துக்குத்தான் அனுப்புவேன், மழை வந்தால் ஓடிப்போய் நிற்க ஒரு கூரை இருக்கும். இரண்டாவது ரகத்தில் கடலில் இறங்குவதுதான் முக்கியம், லைஃப் ஜாக்கெட் உங்கள் பிள்ளை அளவுக்கு இருக்கிறதா, சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிற இடத்தை விட்டுவிடலாம்.

போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். நான் ஒருமுறை நம்பி முன்பணம் கட்டினேன். படத்தில் நீலக் கடல், ஓரத்தில் வெள்ளை டென்ட். போய் இறங்கினால் டென்ட் நின்றது இறால் பண்ணை வரப்புக்குப் பக்கத்தில். கடல் எங்கே என்றேன், "அந்தா, அந்தக் கருவேலங்காட்டுக்கு அங்கிட்டு" என்று கை காட்டினார்கள், நடந்தால் கால் மணி நேரம். ராத்திரி முழுக்கக் குளத்தில் காற்றடிக்கும் துடுப்பு மெஷின் தடதடவென்று ஓடியது. அன்றிலிருந்து முன்பணம் அனுப்புவதற்கு முன் கூகுள் மேப்பில் இடத்தின் புள்ளியை வாங்கி, சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிடுவேன். சதுரம் சதுரமாகக் குளம் தெரிந்தால் இறால் பண்ணை அல்லது உப்பளம்.

அடுத்துத் தண்ணீர், இந்த மாவட்டத்தில் அதை விட முக்கியமான கேள்வி கிடையாது. "தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்பார்கள், அது உப்புத் தண்ணியா என்று கேட்க வேண்டும். போர் தண்ணீர் பல இடத்தில் சப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது, இரண்டு நாள் குளித்தால் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். குடிக்க கேன் தண்ணீர் கொடுக்கிறார்களா, அதற்குத் தனிக் காசா, நாம் வாங்கிப் போக வேண்டுமா? குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டு, ராமநாதபுரம் டவுனிலோ உச்சிப்புளியிலோ கேன் ஏற்றிக்கொள்ளுங்கள். கழிவறைக்கு இன்றைக்கு எடுத்த போட்டோ கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், நான் கேட்காமல் விட்டதே இல்லை.

மற்றபடி போனில் கேட்க வேண்டியவை: காசு ஆள் கணக்கா டென்ட் கணக்கா, சொந்த டென்ட் கொண்டுவந்தால் தரைக்கு மட்டும் எவ்வளவு, ராத்திரி இடத்தில் ஆள் இருப்பாரா இல்லை சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாரா. ஸ்பீக்கர் விஷயத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சனிக்கிழமை ராத்திரி பக்கத்து குரூப் குத்துப்பாட்டு போட்டால், அரசு இடத்தில் ஒரு விதியைச் சொல்லி நிறுத்தச் சொல்லலாம், தனியார் இடத்தில் அந்தக் குரூப்பும் காசு கொடுத்த கஸ்டமர்தான்.

எந்தக் கரை என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும், இதை வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. நமக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது தெற்குக் கரையில் டென்ட் போட்டால் சோற்றில் மணல், காதில் மணல், ஜிப்பிலும் மணல். அப்போது வடக்குக் கரை, ஆரியமான் பக்கம் மரங்களுக்குப் பின்னால் இடம் பாருங்கள். வாடைக்காற்று மாதங்களில் தலைகீழ், வடக்குக் கடல் கலங்கிக் கிடக்கும், சேதுக்கரை, ஏர்வாடிப் பக்கம் தணிவாக இருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும், அந்த மாதங்களில் வராமல் இருப்பதே நல்லது. என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. அப்போதுதான் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலமும், அதனால் கடலைப் பார்த்து லைட் அடிக்காத இடமாகப் பிடியுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும், ஃபோகஸ் லைட் போட்டு வைத்திருந்தால் கடலுக்குப் போகாமல் தோப்புக்குள் வந்துவிடும்.

டென்ட்டோடு வரும் கம்பி ஆணி நம் மணலில் நிற்காது. நாலு உரச்சாக்கு கொண்டுபோய், பாதி மணல் நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிடுங்கள், அடிக்கிற காற்றுக்கு அசையாது. தரையில் கை வைத்துத் தடவி சீமைக்கருவேல முள் பொறுக்கிவிட்டுத்தான் விரிக்க வேண்டும், ஒரு முள் போதும், காற்றுப் படுக்கை காலி. தென்னைக்கும் பனைக்கும் நேர் கீழே வேண்டாம். சவுக்குத் தோப்பில் சருகு பஞ்சு மாதிரி பற்றிக்கொள்ளும், அங்கே விறகு மூட்டாமல் சின்ன கேஸ் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரைவலை இழுக்கும் இடத்திலும் கடல்பாசி காயப்போடும் இடத்திலும் நம் டென்ட்டுக்கு வேலையில்லை, விடியற்காலை வந்து எழுப்புவார்கள், அது அவர்கள் களம். மீன் வேண்டுமானால் அப்போதே அவர்களிடம் வாங்கலாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான், விலை கொஞ்சம் ஏறும்.

தேதியையும் பாருங்கள். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரம் சாலை நகராது. செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் குருபூஜை) இரண்டையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவும் வெளிமாவட்ட வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் வரும், அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம், உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது.

நான் போடும் திட்டம் எளிது. சனிக்கிழமை மதியம் தோப்புக்குப் போய் டென்ட்டை அடித்துவிட்டு, வெயில் தாழக் கடலில் இறங்குவது. தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நடப்பேன், திருக்கை கிடந்தால் விலகிப்போகும். ராத்திரி தோப்புக்காரர் வீட்டுச் சாப்பாடு. ஞாயிறு காலை டென்ட்டைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டு காரங்காட்டுப் படகு, அங்கேயே மீன் சோறு, அப்படியே ஊர். இதில் அரசும் வந்தாச்சு, தனியாரும் வந்தாச்சு.

முன்பணம் அனுப்பும் முன் கடைசியாக ஒன்று கேட்டுவிடுங்கள்: பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் பணம் திரும்ப வருமா, இல்லை வேறு தேதி கொடுப்பார்களா? பதிலை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை வாயால் "பாத்துக்கலாம்ணே" என்று சொன்னவர் பிறகு போனையே எடுக்கவில்லை.