கரிசல் மேல் கல்தளம்

உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில், பின்வாசல் கல்தளம் மழைக்குத் தூக்கும், கோடைக்கு இறங்கும். கல்லில் குறையில்லை. அடியில் கரிசல், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்.

ஒன்றரை அடி மண்ணை வாரிவிட்டுக் கிராவல் மண் நிரப்பினோம். ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் உள்ளே பொதபொதவென்றே இருக்கும். அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது. அப்புறம் நாலு அங்குலம் ஜல்லி, மேலே ஓர் அங்குலம் எம் சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல். சுவரிலிருந்து வெளியே பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம், தண்ணீர் வடியச் சரிவு. ஓரம் கான்கிரீட்.

கருப்புக் கடப்பாக் கல் வெயிலில் காலைச் சுடும், பாலிஷ் கிரானைட் மழையில் வழுக்கும். அம்மாவைப் பெற்ற அம்மிச்சி நடக்கிற இடம். சொரசொரப்பான கிரானைட்தான் எடுத்தேன், இரண்டு அங்குலத் தடிமனில். இந்த ஐப்பசி மழைக்கு ஒரு கல்லும் அசையவில்லை.