கிரைண்டர் உறுமினால் கையால் தள்ளாதீர்கள்

மேசைக் கிரைண்டரை வீட்டிலேயே பிரித்துப் பழுது பார்க்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்லதுதான். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர்கள் இன்னும் பல வீடுகளில் மாவாட்டிக்கொண்டிருக்கின்றன. பெல்ட் மாற்றினால் ஓடிவிடும் என்ற நிலையில் இருப்பதைக் காயலான் கடைக்குப் போடுவானேன்? ஆனால் தொழில் பழக வரும் பையன்களும், ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரோடு உட்காரும் குடும்பத் தலைவர்களும், நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை பிசகாமல் செய்கிறார்கள். பிளக்கைப் பிடுங்காமல் திறப்பது, ஊறாத உளுந்தைக் கொட்டுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

உறுமும் மோட்டாருக்குக் கை கொடுப்பது

சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்ற சத்தம் மட்டும் வரும், பாத்திரம் அசையாது. உடனே கையால் ஒரு தள்ளு. ஓடிவிடும். மறுநாளும் தள்ளு. இதைப் பழுது என்றே யாரும் நினைப்பதில்லை, கிரைண்டரின் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இட்லி மாவு ஆட்டி விற்கும் ஓர் அக்கா இப்படித்தான் பல மாதம் ஓட்டியிருக்கிறார். “காலையில் எழுப்பிவிட்டால் போதும் தம்பி, அப்புறம் தானாக ஓடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு நாள் சுவிட்சைப் போட்டுவிட்டு, தள்ள மறந்து, வாசலில் வந்த ஆளோடு பேசப் போய்விட்டார். திரும்பி வரும்போது வார்னிஷ் கருகிய நாற்றம் வீடு முழுக்க. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று, அதாவது காயில், ஒரு பக்கம் முழுவதும் கறுத்துப் போயிருந்தது. 100, 150 ரூபாய்க் கெபாசிட்டரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. காயில் கட்டும் செலவு 1,000 ரூபாயைத் தாண்டியது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

இந்த மோட்டாருக்குள் முதன்மைக் காயில், துணைக் காயில் என்று இரண்டு காயில்கள் உண்டு. இரண்டிலும் மின்னோட்டம் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் காந்தப்புலம் துடிக்குமே தவிரச் சுழலாது. அந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து மோட்டாரைச் சுழல வைப்பதுதான் கெபாசிட்டரின் வேலை. அது முழுதாகச் செத்திருந்தால் நாம் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் மோட்டார் சுற்றத் தொடங்கும். நோயைக் கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. சுற்றாமல் நிற்கும் மோட்டார் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அத்தனையும் வெப்பமாகக் காயிலிலேயே தங்கும்.

உறுமல் எல்லாமே கெபாசிட்டர் கோளாறும் அல்ல. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். மோட்டார் தயங்காமல் சுற்றினால் சிக்கல் பெரும்பாலும் மேலே இருக்கிறது: குழவிக்கு அடியில் காய்ந்த மாவோ, இறுகிய பேரிங்கோ. மின்னழுத்தத்தையும் பாருங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 160 வந்தால் மோட்டாரின் இழுவிசை பாதிக்கும் கீழே போய்விடும். பெல்ட் இல்லாமலும் உறுமினால் ஓரிரு நொடியில் அணைத்துவிடுங்கள். கெபாசிட்டரைச் சோதிக்க வேண்டிய இடம் அதுதான்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் ஒயர்களால் தொட்டு இறக்கிவிட்டே கை வையுங்கள். உப்பியிருந்தால் கெட்டது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். உப்பாமலும் கெட்டிருக்கும் என்பதால் மல்டிமீட்டரில் அளந்துவிடுவது நல்லது. மேலே 4 மைக்ரோபாரட் (கெபாசிட்டரின் அளவு), கூடவோ குறையவோ 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் 3.8-க்குக் கீழே காட்டுவதை மாற்றிவிடலாம்.

மாற்றும்போது இன்னொரு கூத்து நடக்கும். கையில் இருக்கிறதே என்று மின்விசிறியின் 2.5 மைக்ரோபாரட்டை மாட்டுவார்கள். வெறும் பாத்திரத்தோடு ஜோராக ஓடும், உளுந்து கெட்டியானதும் நின்றுவிடும். வேறு சிலர் ‘பவர் கூடட்டும்’ என்று பெரியதாகப் போடுவார்கள். அது துணைக் காயிலைச் சூடாக்கிக் கொல்லும். பழையதில் என்ன எண் இருந்ததோ அதே எண், அதே வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட வோல்ட். இதில் பேரம் கிடையாது.

ஓவர்லோடு பட்டனுக்குப் பதில் ஒயர் போட்டு இணைப்பது

மோட்டார் திணறும்போது தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் அது. செய்யாதீர்கள்.

குழவியின் நைலான் புஷ்ஷுக்கு எண்ணெய் விடுவது

குழவி சுற்றுவதற்காக உள்ளே இருக்கும் வளையம்தான் புஷ். அங்கே தண்ணீரே போதும். மாவில் எண்ணெய் நாற்றம்தான் மிச்சமாகும்.

பாத்திரத்தை மாட்டியபடியே கழுவுவது

பாத்திரத்தின் நடுக்குழாய்க்கு மேலே மாவு ஏறினாலும், கழுவும்போது அங்கே தண்ணீர் வழிந்தாலும் போய்ச்சேரும் இடம் கீழே இருக்கும் பேரிங். உளுந்து மாவு அங்கே காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். முதலில் கீச்சென்ற சத்தம், பிறகு அடிப்பாகத்தில் துருக்கறை. பாத்திரத்தைத் தூக்கி எடுத்துத் தனியாகக் கழுவுங்கள். நடுத்தண்டை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

எர்த் முனையை உடைத்துவிட்டு இரண்டு முனை பாயின்ட்டில் சொருகுவது

ஈரக்கை, எவர்சில்வர் பாத்திரம். மேலே சொல்ல வேண்டுமா?

பெல்ட்டை முறுக்கி இறுக்குவது

மோட்டார் ஓடுகிறது, பாத்திரம் நிற்கிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. உடனே மோட்டாரை நகர்த்தி வீணைத் தந்தி போல இறுக்கிவிடுகிறார்கள். தேய்வது பெல்ட் மட்டுமல்ல, மோட்டாரின் புஷ்ஷும்தான். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அந்த அளவில் வைத்தும் வழுக்கினால் பெல்ட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. அதன் முதுகில் எண் இருக்கும். அழிந்திருந்தால் பழைய பெல்ட்டையே கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ‘இவ்வளவு நீளம் இருக்கும்’ என்று கையை விரித்துக் காட்டி வாங்கி வந்த பெல்ட் பொருந்தி நான் பார்த்ததில்லை.