புகை போட்ட மீன் வெந்த மீன் ஆகாது: கர்ப்பகாலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன், டொராண்டோ கடைகளில் மெல்லிய ஆரஞ்சு ஏடுகளாக அடுக்கி விற்கும் புகைச் சால்மனைக் கர்ப்பிணிகள் பலர் சமைத்த மீன் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. உப்பில் ஊறிய அந்த மீனுக்குக் காட்டும் புகையின் சூடு சுமார் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சென்னை வெயிலே அதைவிட அதிகம். மணமும் நிறமும் ஏறும். சதை பச்சையாகவே இருக்கும். உப்பு, சர்க்கரை, சதகுப்பைத் தழை தடவி ஊறவைக்கும் கிராவ்லாக்ஸுக்குப் புகைகூடக் கிடையாது.

பயம் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவால். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியிலும் அது மெல்லப் பெருகும். காற்றை உறிஞ்சி ஒட்டிய பாக்கெட்டும் அதற்குத் தடையில்லை. வாடையோ பிசுபிசுப்போ காட்டிக்கொடுக்காது. ஆகவே "தேதி இன்னும் முடியலையே", "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது" என்பதெல்லாம் எடுபடாது. உறையவைத்தால் மீனிலுள்ள புழு சாகும், லிஸ்டீரியா சாகாது. தாய்க்கு வெறும் காய்ச்சலாக வந்துபோவது, நஞ்சுக்கொடியைக் கடந்துவிட்டால் கருச்சிதைவிலோ குழந்தை இறந்து பிறப்பதிலோ முடியலாம்.

அரைகுறையாகச் சூடாக்குவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அடுப்பை அணைத்த பிறகு பாஸ்தாவில் கிளறுவது, முட்டைப் பொரியல் மேல் தூவுவது, சுட்ட பீட்சாவில் பரப்புவது எதுவுமே சமையல் ஆகாது. மீனின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். வாணலியில் ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் பரப்பிப் பாருங்கள்: கண்ணாடிபோல் மினுங்கிய ஆரஞ்சு வெளிறி, பால் கலந்த இளஞ்சிவப்பாகும், ஓரம் சுருளும், வெள்ளைப் புரதம் பொட்டுப் பொட்டாகக் கசியும். கரண்டியால் அழுத்தினால் உதிர வேண்டும், உள்ளிருந்தும் ஆவி வர வேண்டும். எங்காவது மினுமினுப்பு மிச்சமிருந்தால் இன்னும் வேகவில்லை. மைக்ரோவேவில் நடுவே குளிர்ந்த திட்டுகள் தங்கும். பாதியில் கிளறி, எடுத்ததும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். பச்சையாக இருந்தபோது வைத்த தட்டிலேயே வெந்ததைத் திரும்பக் கொட்டினால் பட்ட பாடு வீண்.

அதிக சூட்டில் புகைபோட்ட, கெட்டியாக, உதிர் உதிராக இருக்கும் சூட்டுப்புகை மீன் வெந்ததுதான். பிரிட்டனின் எச்சரிக்கை, முதலில் சொன்ன சால்மன்போலக் குறைந்த சூட்டில் புகைபோட்ட குளிர்ப்புகை மீனுக்கும் கிராவ்லாக்ஸ்போல ஊறவைத்த மீனுக்கும் மட்டும். அமெரிக்காவிலோ குளிர்பெட்டியிலுள்ள எந்தப் புகைமீனையும் அப்படியே சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். வெட்டும்போதும் பொதியும்போதும் கிருமி ஏற வாய்ப்புண்டு என்பதால் இரண்டாவதைப் பின்பற்றுவதே நல்லது. டின்னில் அடைத்த புகைமீன் மூடியபின் கடும் சூட்டில் பதப்படுத்தப்படுவதால் கவலையில்லை.

இலங்கைச் சமையலின் மாசிக் கருவாட்டுக்கும் புகை உண்டு. ஆனால் அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்தது. ஈரமில்லாததால் சால்மன் அளவுக்கு ஆபத்தில்லை. பூஞ்சை பிடித்ததைத் தூக்கி எறியுங்கள், சம்பலுக்கு இடிக்குமுன் வறுத்துக்கொள்ளுங்கள்.

பயந்துபோய் மீனையே நிறுத்துவது இன்னொரு கோடி. வாரம் 225 முதல் 340 கிராம் வரை பாதரசம் குறைந்த மீன் தேவை: மத்தி, நெத்திலி, வேகவைத்த சால்மன். பால் சுரக்கும் என்று பிரசவத்துக்கு முன்பே சுறாப்புட்டு கிண்டிக் கொடுப்பவர்கள் உண்டு. சுறாவில் பாதரசம் அதிகம், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. பால் கொடுக்கும் காலத்திலும் அதே கதைதான்.

தெரியாமல் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால்? அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுவாகப் பரிசோதனையோ மருந்தோ தேவைப்படாது. ஆனால் நோய் வெளிப்பட 70 நாள் வரைகூட ஆகலாம். அதற்குள் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ உடம்புவலியோ வந்தால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய், எந்த மீனை என்றைக்குச் சாப்பிட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ரத்தத்தைக் கல்ச்சர் என்ற கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பவும் ஆன்டிபயாடிக் தொடங்கவும் அவருக்கு அந்தத் தகவல்தான் வேண்டும்.