நாயுடன் கடலுக்கு: நடை, நீச்சல், அலைச்சறுக்கு – முதல்முறை செல்வோருக்கான செய்முறை

கடலைக் கண்டுவிட்ட நாய்க்குத் தானாக நிறுத்தத் தெரியாது. உள்ளங்கால் புண்ணாகும் வரை ஓடும். மூச்சு வாங்கினாலும் பந்தைத் துரத்தி மீண்டும் அலைக்குள் பாயும். ஆகவே, எப்போது போதும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். நடை, நீச்சல், அலைச்சறுக்கு மூன்றையும் ஒரே நாளில் பழக்க முயல வேண்டாம். ஒன்றில் நாய் நிதானமாக இருந்தால் மட்டும் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

படி 1: இடமும் நேரமும்

நாய்களுக்கு அனுமதி உண்டு என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பல கடற்கரைகளில் அனுமதி குறிப்பிட்ட மாதங்களுக்கோ, அதிகாலை, மாலை நேரங்களுக்கோ, ஒரு பகுதிக்கோ மட்டும்தான். சில இடங்களில் கயிறு கட்டாயம். உள்ளாட்சி அமைப்பின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நுழைவாயிலில் உள்ள பலகையையும் படியுங்கள். பல கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் கடற்பறவைகளும் ஆமைகளும் இருக்கின்றன. மணல் நிறத்திலேயே இருக்கும் பறவை முட்டைகள் நம் கண்ணில் படுவதில்லை. நாயைக் கண்டு தாய்ப்பறவை பறந்துவிட்டால் அவை வெயிலில் வெந்துவிடும். வேலி போட்ட பகுதியை விட்டு நன்றாக விலகி நடப்பது நம் கடமை.

கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். நீர் வடியத் தொடங்கும்போது சென்றால் நடப்பதற்கு இறுகிய ஈரமணல் கிடைக்கும். பாறைக்கும் கடலுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் குறையும்.

படி 2: பையில் வைக்க வேண்டியவை

நிறைய நல்ல தண்ணீர், கிண்ணம், துண்டு, கழிவு அள்ளும் பைகள், உங்கள் தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டை. சாதாரணக் கயிறே போதும். இழுத்தால் நீளும் வகைக்குள் மணல் புகுந்தால் அது சிக்கிக்கொள்ளும். நீந்தப் போவதாக இருந்தால், முதுகில் கைப்பிடி உள்ள நாய்களுக்கான லைஃப் ஜாக்கெட் வேண்டும். மனிதர்களுக்கான சன்ஸ்கிரீனை நாய்க்குப் பூசாதீர்கள். அதில் துத்தநாக ஆக்சைடு இருந்தால், நக்கி விழுங்கும் நாய்க்குக் கெடுதி.

படி 3: நடை

புறங்கையை மணலில் 7 வினாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் தாங்காது. உலர்ந்த, புதையும் மணல் தசைகளைச் சீக்கிரம் களைப்பாக்கும் என்பதால் ஈரமணலில் 20 நிமிட நடையோடு தொடங்குங்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடப்பவற்றின் மீது ஒரு கண் இருக்கட்டும். பந்துபோல் உப்பும் பேத்தை மீன் செத்துக் கிடந்தாலும் அதில் உயிரைப் பறிக்கும் நஞ்சு உண்டு. அதற்கு மாற்று மருந்து கிடையாது. கரையொதுங்கிய சொறிமீன் (ஜெல்லி மீன்) செத்த பிறகும் கொட்டும். வாயில் கவ்வியதை உடனே போடும்படி “விடு” என்ற கட்டளையை வீட்டிலேயே பழக்கிவிட்டு வருவது மிக நல்லது. தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டால், வெளியே தெரியும் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

படி 4: நீச்சல்

எல்லா நாய்களும் நீந்தப் பிறந்தவை அல்ல. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் தலையை நீருக்கு மேல் வைத்திருக்கவே திணறும். எந்த நாயையும் தூக்கி நீரில் போடக் கூடாது. அலை சிறிதாக உடையும் இடத்தில் நீங்கள் முழங்கால் ஆழத்தில் நில்லுங்கள். அது தானாக வரட்டும். வராவிட்டால் அன்றைக்கு நீச்சல் இல்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது உப்பு நீர். பந்தைக் கவ்வும் ஒவ்வொரு முறையும் நாய் ஒரு வாய் கடல்நீரை விழுங்குகிறது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் ஏறி வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே அழைத்து நல்ல தண்ணீர் கொடுங்கள். தள்ளாட்டம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தை முன்பே அடையாளம் காணுங்கள். இருபுறமும் அலைகள் உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து அமைதியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் அந்த நீரோட்டம்தான். நாயை அது இழுத்துச் சென்றால் பின்னால் குதிக்காதீர்கள். உயிர்காப்பாளரை அழைத்துவிட்டு, கரையோரமாக நகர்ந்து, நீரோட்டம் இல்லாத பக்கத்திலிருந்து நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அது பக்கவாட்டில் நீந்தி வெளியேற அதுவே வழி.

படி 5: அலைச்சறுக்கு

மேற்பரப்பு மென்மையான நுரைப்பலகையே ஏற்றது. அதில் நகம் பிடிக்கும், மோதினாலும் காயம் குறைவு. முதல் பாடம் வீட்டுத் தரையில். பலகையில் ஏறி நின்றால் தின்பண்டம். அசைத்தாலும் இறங்காமல் நிற்கும் வரை இதைத் தொடருங்கள். அடுத்து மணலில், பிறகு இடுப்பளவு ஆழத்தில்.

பலகையின் நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி நாயை நிறுத்துங்கள். எடை முன்னே போனால் பலகை மூக்குக் குத்தி நாய் தலைகீழாக விழும். ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் சிறு அலையில் மெதுவாகத் தள்ளுங்கள். கரைப்பக்கம் இன்னொருவர் நின்று பிடிக்க வேண்டும். கரையிலேயே செங்குத்தாக விழுந்து உடையும் அலை இதற்கு ஆகாது. பலகையோடு நாயை எந்தக் கயிற்றாலும் கட்டாதீர்கள். காதைப் பின்னால் மடித்து, வாலை ஒடுக்கி, அடிக்கடி கொட்டாவி விட்டால் அதற்குப் பயம் என்று பொருள், உடனே இறக்கிவிடுங்கள்.

படி 6: திரும்பும் முன்

விரலிடுக்கு உட்பட உடல் முழுவதும் நல்ல தண்ணீரில் அலசி, காதுகளை, குறிப்பாகத் தொங்கும் காதுகளை, நன்கு துடைத்து உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் தொற்று வரும். மறுநாள் வால் துவண்டு தொங்கினால் அது அதிக நீச்சலால் வந்த தசை வலியாக இருக்கலாம். பொதுவாகச் சில நாள் ஓய்வில் சரியாகும். ஆனால் மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாமல், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.