ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைப்பவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு ஆயில் மாற்ற வருகிற புது ஓட்டுநர்கள், குறிப்பாகத் தனியார் வாடகைக் கார் ஓட்டத் தொடங்கியிருக்கும் தம்பிகள், கிளம்பும் நேரத்தில் ஒன்று கேட்பார்கள். “அண்ணே, சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா ஆஃப் ஆகுதே, அதை ஒரேயடியா எடுத்துவிட முடியுமா?” ஸ்டார்ட்-ஸ்டாப் என்கிற வசதியைத்தான் சொல்கிறார்கள்.

கேட்பதில் தப்பே இல்லை. இன்ஜின் நின்றதும் பெல்ட்டில் ஓடும் ஏசி கம்ப்ரஸரும் நின்றுவிடும். காற்றாடி மட்டும் சுற்றும். சிங்கப்பூர் மதிய வெயிலில் ஒரு நீண்ட சிவப்பு விளக்கு போதும், வருகிற காற்று பிசுபிசுவென்று ஆகிவிடும். பின் சீட்டில் இருப்பவர் உச்சுக்கொட்ட ஆரம்பிப்பார். வலப்பக்கம் திரும்புவதற்காகச் சந்திப்பின் நடுவில் காத்திருக்கும்போது இன்ஜின் அணைந்தால் வயிற்றைக் கலக்கும். நானும் என் காரில் அதை அணைத்துத்தான் ஓட்டுகிறேன். ஆகவே அணைக்கலாமா கூடாதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அணைக்க முடிவு செய்தவர்கள் அதன் பிறகு செய்கிற காரியங்கள்தான் என் பிரச்சினை. அதை அணைக்கும் பொத்தானை அழுத்த மறப்பது மாதிரியான சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

மின்மோட்டாரால் மட்டுமேகூட ஓடக்கூடிய முழு ஹைபிரிட் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அந்தக் கார்களில் இன்ஜின் நிற்பதும் ஓடுவதும் வண்டியின் அடிப்படை வேலை. ஏசியும் மின்சாரத்தில் ஓடுவதால் சிக்னலில் வேர்க்காது.

ஸ்டார்ட்டர் தேய்ந்துவிடும் என்று பயந்து அணைப்பது

தேவையில்லாத பயம். இந்த வசதியோடு வரும் கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இன்ஜின் பேரிங்குகளும் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதற்கென்றே வலுவாகச் செய்யப்பட்டவை. பெட்ரோலும் வீணாகாது. சுமார் 10 விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் இன்ஜினை அணைத்து ஸ்டார்ட் செய்வதே மிச்சம். உங்களுக்கு ஏசி வேண்டும், அதனால் ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைக்கிறீர்கள். அந்தக் காரணமே போதும்.

பிளக்கைப் பிடுங்குவது

ஒவ்வொரு முறை காரைக் கிளப்பும்போதும் ஸ்டார்ட்-ஸ்டாப் மறுபடி உயிர்பெற்றுவிடுகிறதே என்று எரிச்சல்படாதவர் இல்லை. தயாரிப்பாளர் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார். எரிபொருள், புகை அளவுகளைச் சோதித்துச் சான்று வாங்கும்போது அந்த வசதி இயங்கும் நிலையில்தான் கார் அளக்கப்படுகிறது. 2018 முதல் இங்கே நடப்பில் இருக்கும் வாகன உமிழ்வுத் திட்டத்தில் புதுக் காருக்குத் தள்ளுபடியா கூடுதல் கட்டணமா என்று தீர்மானிப்பதும் உமிழ்வு அளவுகள்தான். அதனால் அவர்கள் அதைச் சுலபத்தில் நிரந்தரமாக அணைக்க விடமாட்டார்கள்.

இதைச் சமாளிக்க நல்ல வழிகள் உண்டு. பல கார்களில் பிரேக்கை லேசாக மிதித்து நின்றால் இன்ஜின் அணையாது. அழுத்தி மிதித்தால்தான் அணையும். இரண்டு நாளில் கால் பழகிவிடும். செலவும் கிடையாது. சில ஐரோப்பியக் கார்களில், கடைசியாக எந்த நிலையில் விட்டோமோ அதையே நினைவில் வைக்கும்படி காரின் கணினி அமைப்பை மாற்றலாம், அதாவது கோடிங் செய்யலாம். பொத்தானின் பின்னால் செருகும் சிறு மாட்யூல்களும் கிடைக்கின்றன. வாரண்டி இருக்கும் காரென்றால் முகவரிடம் கேட்காமல் இந்த இரண்டையும் செய்ய வேண்டாம்.

ஆனால் நம் ஆட்கள் இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு பானட்டைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு கோஷ்டி பானட் பூட்டில் இருக்கும் சுவிட்சின் பிளக்கைக் கழற்றும். பானட் திறந்திருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. சரிதான். ஆனால் ஓடும்போது பானட் உண்மையிலேயே திறந்துகொண்டால் எச்சரிக்க இனி யாரும் இல்லை. பல கார்களில் திருட்டு அலாரமும் அந்தச் சுவிட்சைத்தான் நம்பியிருக்கிறது. இன்னொரு கோஷ்டி பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இருக்கும் சென்சாரையே கழற்றிவிடும். இது அதைவிட மோசம். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது, எவ்வளவு வருகிறது என்று காருக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அதைக் கழற்றினால் கார் கண்ணை மூடிக்கொண்டு சார்ஜ் செய்யும்.

“எப்படியும் ஆஃப் பண்ணித்தானே வைக்கிறேன்” என்று சாதாரண பேட்டரி போடுவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எத்தனை முறை பார்த்தாலும் இந்த ஒன்றில் மட்டும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

ஒரு தம்பி, ஐரோப்பியக் கார், வாடகைக்கு ஓட்டுகிறார். சிஓஇயில், அதாவது காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழில், இன்னும் சில வருடம் பாக்கி. பேட்டரி செத்துவிட்டது. வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிற ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்கு உரிய ஏஜிஎம் பேட்டரியின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியிருக்கிறது. சாதாரண பேட்டரி அதில் பாதிகூட வராது. “நான் ஸ்டார்ட்-ஸ்டாப்பை எப்பவும் ஆஃப்தான் பண்ணி வெச்சிருப்பேன், எனக்கு எதுக்கு ஏஜிஎம்?” என்று கேட்டிருக்கிறார். விற்க வந்தவரும் தலையை ஆட்டிவிட்டு, அளவு சரியாக இருந்ததை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து, ஈசூனில் ஒரு பல மாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம். விடியற்காலை, சாங்கி விமான நிலையத்துக்கு ஒரு பயணம். கார் கிளம்பவில்லை. இழுவை வண்டி ஏற முடியாத உயரம், ஏறும் வழியெல்லாம் தாழ்ந்த கூரை. யாரோ ஜம்ப் ஸ்டார்ட் பேக் கொண்டுவந்து உதவி, வண்டி கிளம்பியது. பயணம் போனது போனதுதான். அடுத்து அவர் போன வொர்க்‌ஷாப்பில் ஓடும் காரில் வோல்ட் அளந்து பார்த்து, 12.6தான் வருகிறது, பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றிவிட்டார்கள். பேட்டரியும் இன்னொன்று போட்டார்கள். அதுவும் சாதாரண ரகம். அதுவும் தளர்ந்த பிறகுதான் எங்களிடம் வந்தார்.

நான் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்ட் மீட்டரை மாட்டி, அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டார்ட்-ஸ்டாப் அணைத்துத்தான் இருந்தது. தீவு விரைவுச்சாலையில் ஆக்சிலேட்டரை மிதித்தபோது மீட்டர் 12.6. சீராக ஓடும்போது 13 பக்கம். வெளியேறும் பாதையில் காலை எடுத்து பிரேக்கைத் தொட்டதும் சட்டென்று 14.8. மறுபடி மிதித்தார், மறுபடி 12.6. “அண்ணே, இது என்ன ஊஞ்சல் மாதிரி ஆடுது?” என்றார்.

ஆடத்தான் வேண்டும். இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவற்றின் ஆல்டர்னேட்டர் பழைய கார்களைப் போல எந்நேரமும் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருக்காது. இன்ஜினுக்குச் சுமை குறையட்டும் என்று வேகமெடுக்கும்போது ஓய்வெடுக்கும். வேகம் குறையும்போது, இலவசமாகக் கிடைக்கும் சக்தியை பேட்டரிக்குள் தள்ளும். அப்படித் தள்ள இடம் வேண்டும் என்பதற்காகவே பேட்டரியை முழுதாக நிரப்பாமல், ஏறத்தாழ 80 சதவீதத்தில் வைத்திருக்கும். அந்த 12.6 கோளாறே இல்லை. நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வட்ட அம்புக்குறிக்குள் ‘ஏ’ போட்டிருக்கும் அந்தப் பொத்தான், சிக்னலில் இன்ஜின் அணைவதை மட்டும்தான் நிறுத்துகிறது. சார்ஜ் செய்யும் முறையைத் தொடுவதே இல்லை. நீங்கள் பொத்தானை ஆயிரம் தடவை அழுத்தினாலும் பேட்டரி நாள் முழுக்க இறங்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும். சாதாரண பேட்டரி எப்போதும் வயிறு நிறைந்திருந்தால்தான் பிழைக்கிற ஜாதி. அரைகுறை சார்ஜிலேயே வைத்திருந்தால் அதன் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் பிடிக்காது. ஏஜிஎம், அதற்கு ஒரு படி கீழே இருக்கும் இஎஃப்பி ரகம், இரண்டும் இந்த இறங்கி ஏறும் வாழ்க்கைக்காகவே செய்யப்பட்டவை. விலை அதிகமாக இருப்பதும் அதனால்தான்.

நம்மூர் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈய-அமில பேட்டரிக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. குளிர் நாட்டில் இரண்டு வருடம் தள்ளுகிற தவறான பேட்டரி, இங்கே பானட்டுக்கு அடியில் வெந்து சீக்கிரமே கையை விரிக்கும்.

ஜப்பானியக் கார்களில் இந்தக் குழி இன்னும் மறைவாக இருக்கிறது. ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்கான பேட்டரிகளில் எம்-42, என்-55, கியூ-85, எஸ்-95 என்று எழுதியிருக்கும். கியூ-85 உட்காரும் தட்டில் 55டி23 என்ற சாதாரண பேட்டரியும் கச்சிதமாக உட்காரும். முனைகளும் பொருந்தும், காரும் கிளம்பும், டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. உட்கார்ந்துவிட்டது என்பதற்காகச் சரியான பேட்டரி என்று நினைக்காதீர்கள். பழைய பேட்டரியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றிச் சொதப்பியிருக்கலாம் என்பதால் கார் கையேட்டையும் பாருங்கள். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான். இஎஃப்பி இருந்த இடத்தில் குறைந்தபட்சம் இஎஃப்பி.

தம்பியின் கணக்கை நான் கூட்டிப் பார்க்கவில்லை. அவரே போனில் கூட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சாதாரண பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர், வேலைக்கூலி, போன பயணங்கள். கடைசியில் ஏஜிஎம்மும் வாங்கத்தானே வேண்டியிருந்தது!

புதிய பேட்டரியைக் காருக்குச் சொல்லாமல் விடுவது

பல ஐரோப்பியக் கார்களில் பேட்டரி மாறியதை ஸ்கேன் கருவியால் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், பழைய கிழட்டு பேட்டரியே இருப்பதாக எண்ணிப் புதியதை வாட்டும். சில ஜப்பானியக் கார்களிலும் சென்சாருக்கு ரீசெட் உண்டு. “பதிவு செய்வீர்களா?” என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

டாஷ்கேமின் எர்த்தை நேராக நெகட்டிவ் முனையில் மாட்டுவது

வாடகைக் கார்களில் கேமரா இல்லாத கார் அபூர்வம். நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவு செய்கிற வசதியை எல்லோரும் கேட்கிறார்கள். அதன் கறுப்பு வயரை நேராக நெகட்டிவ் முனையில் முறுக்கிவிட்டால், அந்த மின்சாரம் சென்சாரின் வழியாகப் போவதில்லை. இரவு முழுக்க கேமரா குடித்தது காருக்குத் தெரியாது. பேட்டரி நிறைந்திருப்பதாக நம்பிக்கொண்டு சார்ஜைக் குறைக்கும். வயரை பாடி எர்த்தில், அதாவது காரின் உலோக உடம்பில் இருக்கும் எர்த் முனையில், மாட்டச் சொல்லுங்கள். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போதும் கறுப்புக் கிளிப் பாடி எர்த்தில்தான்.

தானாக அணைந்த இன்ஜினை அணைத்துவிட்டதாக நினைப்பது

நினைக்காதீர்கள். இறங்கும் முன் கியரை ‘பி’யில் போட்டு, நீங்களே அணையுங்கள்.

ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைத்துவிட்டோமே என்று நிறுத்துமிடத்தில் இன்ஜினை ஓடவிடுவது

சிவப்பு விளக்கில் இன்ஜின் ஓடலாம். புளோக் கீழே ஏசி போட்டுக்கொண்டு பயணிக்காகக் காத்திருந்தால் அது குற்றம். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்தால் காரணம் சொல்லி வேலைக்கு ஆகாது.

தானாகவே வேலை செய்யாமல் போனதைக் கொண்டாடுவது

“அண்ணே, இப்பல்லாம் அது வர்றதே இல்ல, நல்லதாப் போச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

கார் இன்ஜினை அணைப்பதற்கு முன் ஒரு பட்டியலே பார்க்கிறது. இன்ஜின் போதுமான சூட்டில் இருக்கிறதா, கார் உள்ளே குளிர்ந்துவிட்டதா, சீட் பெல்ட் போட்டிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, அணைத்தால் மறுபடி கிளப்ப பேட்டரியில் தெம்பு இருக்கிறதா. வெயிலில் நின்ற காரில் முதல் சில சிக்னல்களில் அணையாமல் இருப்பது இயல்பு, ஏசிக்கு வேலை இருக்கிறது. வாரக்கணக்கில் ஒரு தடவைகூட அணையவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி தளர்ந்துகொண்டிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு வெகு முன்பே கார் கொடுக்கும் அறிவிப்பு இது. சில மெர்சிடிஸ் கார்களில் இதற்கென்று ஒரு சின்னத் துணை பேட்டரி தனியாக இருக்கும். அங்கே முதலில் சாவது அதுவாகவும் இருக்கலாம்.

ஸ்டார்ட்-ஸ்டாப்பை எப்போதும் அணைத்தே ஓட்டுகிறவருக்கு இந்த அறிவிப்பு வராது. அதனால்தான் ஒரேயடியாக அணைக்கும் கோடிங்கை நான் பரிந்துரைப்பதில்லை. சில கார்களில் ஸ்டார்ட்-ஸ்டாப் இயங்கத் தேவையான குறைந்தபட்ச வோல்ட் வரம்பை 7.6இலிருந்து 12க்கு உயர்த்திவிடும் தந்திரம் ஒன்று உண்டு. வேலை செய்யும்தான். ஆனால் பேட்டரி நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் ஒரே பதிலைத்தான் சொல்லும். பொத்தானின் கடைசி நிலையை நினைவில் வைக்கும் கோடிங் அல்லது மாட்யூல் என்றால், வேண்டும்போது திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

மாதம் ஒரு நாள் அப்படிப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் சூடாகி, ஏசி நிதானத்துக்கு வந்த பிறகு, ஒரு நீண்ட சிக்னலில் பிரேக்கை நன்றாக அழுத்தி நில்லுங்கள். அணைந்து, பிரேக்கை விட்டதும் தயங்காமல் கிளம்பினால் நிம்மதியாக ஸ்டார்ட்-ஸ்டாப்பை மறுபடி அணைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க இன்ஜின் அணையவே இல்லை என்றால் பேட்டரியைச் சோதனைக்குக் கொண்டுவாருங்கள். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜொகூர் கிளம்புவதாக இருந்தால் இந்தச் சோதனையை முந்தைய வாரமே செய்துவிடுங்கள். கடற்பாலத்து வரிசையில் பேட்டரி கைவிட்டால் பின்னால் இருப்பவர்கள் ஹாரன்தான் அடிப்பார்கள்.